தையல்காரி பாட்டு

வலது கை நகங்களை நான் வெட்டுவதில்லை, ஐயா. கிட்டார் கம்பியை நகத்தால் மீட்டினால்தான் ஒலி மணியாக வரும். சின்ன வயதில் இதற்காக அம்மாவிடம் திட்டு வாங்காத நாளில்லை.

நான் கதை சொல்லிப் பாடுகிறவன். பஸ் டிப்போ பக்கம் என் மாடி வீட்டுக்குக் கீழேதான், பச்சைக் கதவு போட்ட அவளுடைய தையல்கடை. கிட்டார் உறையின் ஜிப் போனபோது பழக்கமானாள். அடித்து நொறுக்கிய கணவனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததை, ஜிப்பைத் தைத்தபடியே சொன்னாள். நான் அதைப் பாட்டாக்கினேன். பாடிக் காட்டியபோது அழுதாள்.

"அண்ணே, அந்தப் பஸ் டிப்போவும் பச்சைக் கதவும் வேண்டாம்ண்ணே. அந்த ஆளு காதுல விழுந்தா மோப்பம் பிடிச்சு வந்துருவான்."

"எடுத்துடுறேம்மா" என்றேன்.

எடுக்கவில்லை. டிப்போ என்ற சொல்லில்தான் தாளம் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

பாட்டு எல்லோருக்கும் பிடித்தது. முடிவுதான் சப்பென்று இருக்கிறது என்றார்கள். எனக்கும் அது உறுத்தலாகவே இருந்தது. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் கடைசிச் சரணம் அமையவில்லை.

போன மாதம் வெளியூர்க் கச்சேரி முடிந்து இறங்கினால், மண்டப வாசலில் ஒருவன் காத்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை.

"சார், அது என் பொண்டாட்டி கதை. நான் திருந்திட்டேன். ஒரு தடவை மன்னிப்புக் கேக்கணும். எந்த ஊர் டிப்போன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் கை முட்டிகளில் ஆறாத காயம் இருந்தது. பார்த்தேன். கிட்டாரை உறையில் வைத்து ஜிப்பை மூடிவிட்டு, ஊரைச் சொன்னேன். எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் தனியாக இருப்பாள் என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மாடியில்தான் இருந்தேன். தையல் மிஷின் சத்தம் நின்றது. "அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் வரவில்லை. நான் இறங்கவில்லை. எட்டு மாதமாக வராத வரி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

திருந்தியவன் என்று நம்பித்தான் வழி சொன்னேன் என்று நேற்று இதே ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி முழுக்க நானும் அதையே சொல்லிப் பார்த்தேன், ஐயா. நம்பியிருந்தால், மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவனை அனுப்பியிருக்க மாட்டேன்.