ஆள் வருகிறார்

கணினி நிரல் எழுதிப் பழகக் கட்டம் போட்ட நோட்டுதான் வசதி. எந்த வரியை எத்தனை இடம் தள்ளி எழுதுவது என்பதில் பிழை வராது. விசாரணைக்காக நீங்கள் எடுத்துப்போன பதினொரு நோட்டும் அப்படித்தான் இருக்கும். ஒன்பதாவதில் சிவப்பு மையில் எழுதியதை மட்டும் படித்தால் போதும்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். வகுப்பில் எழுந்து பேச வராது. வேறு காரணம் இல்லை. பீடோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், என்னைத் தேடி வந்து வேலை கொடுத்தவர் ஜெயபாலன் அண்ணன் ஒருவர்தான்.

"நீ வாயத் தொறக்க வேணாம் துளசி. கம்ப்யூட்டர் பேசட்டும்லா."

அவர் கேட்டபடி எழுதிக் கொடுத்தேன். தனியாக இருக்கும் வயதானவர்கள் முடியாமல் போனால் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். வண்டி வைத்திருக்கும் ஆறு பேரில் அப்போது ஓய்வாக இருப்பவர்களை என் நிரல் தேடும். யாராவது இருந்தால் அவருக்குத் தகவல் போகும். அழுத்தியவருக்கு 'ஆள் வருகிறார்' என்று வரும். இல்லாவிட்டால் 'ஆள் இல்லை, ஆம்புலன்சுக்கு 999-ஐ அழையுங்கள்' என்று வர வேண்டும்.

தேடலைச் சோம்பல் முறையில் எழுதியிருந்தேன். அந்த வகைக்கே அதுதான் பெயர். ஒவ்வொருவராக எடுத்துக் கொடு என்று கேட்கும்வரை அது தேடாது. எடுக்காமல், 'உள்ளே யாராவது உண்டா?' என்று மட்டும் சோதித்தால், பார்க்காமலே 'உண்டு' என்றுதான் சொல்லும். முதலில் பட்டியலாக மாற்றிவிட்டுக் கேட்டால்தான் காலியாக இருப்பது தெரியும். அதற்கு ஒரே ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஆள் இருந்த நாட்களில் எல்லாம் சரியாகவே நடந்தது.

மார்ச் மாதம் நவமணி பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து பொத்தானை அழுத்தினார். ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள். யாருக்கும் தகவல் போகவில்லை. 'ஆள் வருகிறார்' மட்டும் அவருக்குப் போனது. மூன்று மணி நேரம் கழித்து மீன்காரர் பார்த்துத் தூக்கினார்.

"வாராங்க, வாராங்கன்னு அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அதுவே தெம்பா இருந்துச்சுலா. நீ நல்லா இருப்ப."

என்னிடம் அதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்றைக்கே பிழையைக் கண்டுபிடித்தேன். சிவப்பு மையில் இருப்பது அதுதான். சேர்க்க வேண்டிய சொல்லும் அங்கேயே இருக்கிறது. நிரலில் சேர்க்கவில்லை. தனியாகக் கிடப்பவரிடம் 'ஆள் இல்லை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சன்னாசி மாமா வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு அழுத்தினார். ஆறு பேரும் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். எல்லா அழைப்பும், அதற்குப் போகும் பதிலும் என் மடிக்கணினிக்கும் வரும். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது. 999-ஐ அவர் அழைக்கவே இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். அழைக்க வேண்டிய தேவை அவருக்குத் தெரியவில்லை. நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையும் மருத்துவமனை அட்டையும் வைத்திருந்த பையை மடியில் வைத்து, வாசல் நாற்காலியில் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்குப் பை கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. சன்னலிலிருந்து பார்த்தேன்.

ஏன் போகவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். போகத்தான் எழுந்தேன். செருப்பைக்கூட மாட்டினேன். பிறகு திரும்பித் திரையைப் பார்த்தேன். ஆள் வருகிறார் என்று இருந்தது. அதனால் உட்கார்ந்துகொண்டேன்.