முந்திரி மூட்டைக்குள் ஒரு தவளை

கல்லங்குறிச்சி கலியபெருமாள் சாமி மேல சத்தியமா சொல்றேன், நான் பேசப் போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா இந்த பஸ்ஸு கைகாட்டி தாண்டாம நின்னு போவட்டும்! ஊரையே கெடுத்துட்டா தம்பி அந்தப் பொண்ணு. ஊரையே... ஏய், ஏய், எதுக்குய்யா இப்ப பிரேக்கு போட்ட? ஓ, லாரியா. சிமெண்ட் லாரிங்க, குறுக்க வந்துட்டான். அது என் சத்தியத்துல சேராது. பாருங்க, கெளம்பிடுச்சு.

நல்லா சாஞ்சு உக்காருங்க. அரியலூர் பஸ் ஸ்டாண்டுல அவ்ளோ கூட்டத்துல உங்களுக்கு ஜன்னலோர சீட்டு எப்படிக் கெடச்சுது? வெளியேர்ந்து துண்டப் போட்டு நான் புடிச்சு வச்சேன். எதுக்குன்னு கேக்காதீங்க. கையில பைலு, கால்ல பாலீசு போட்ட ஷூ. இந்த ரூட்டுல ஷூ போட்டுக்கிட்டு வர்றவரு நின்னுக்கிட்டு வரக் கூடாதுன்னு ஒரு மரியாதைதான், வேற ஒண்ணுமில்ல. நீங்க யாரு எவருன்னு எனக்கு என்ன தெரியும்?

எங்க வுட்டேன்? ஆங், அந்தப் பொண்ணு. நர்மதான்னு பேரு. பெரம்பலூர் பக்கம், சின்ன வெங்காயம் போடுற குடும்பம். அக்ரி படிச்சிட்டு, அதுக்கு மேல ரெண்டு வருஷம் அக்ரி பிசினஸ் மேனேஜ்மென்டாம். வெளைய வைக்கிறதுக்குப் படிப்பு, சரி. வெளைஞ்சத விக்கிறதுக்கு ஒரு படிப்பா? எங்கப்பாரு விக்கல? படிச்சிட்டா வித்தாரு? கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு வந்து எங்க ஆத்தாகிட்ட திட்டு வாங்குவாரு. அப்படி இருந்த ஊருங்க!

மூணு வருஷத்துக்கு முந்தி உடையார்பாளையத்துல வந்து எறங்குனா. நாங்க முந்திரி வெவசாயிங்க நானூறு பேரு பங்கு போட்டு ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருந்தோம். ஆரம்பிச்சு, போர்டு மாட்டி, அந்த போர்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அதுக்கு மேனேஜரா வந்தா. ஸ்கூட்டி, ஹெல்மெட்டு, முதுகுல ஒரு பை. வந்த மறுநாளே "தாத்தா, உங்க காட்டுல எத்தன மரம், எத்தன மரம் காய்க்குது"ன்னு கேக்குறா. நான் ஆயிரம்னேன். காட்டுக்குள்ள போயி நடந்து எண்ணிட்டு வந்து "தொண்ணூத்தி ரெண்டு"ங்குறா. இவள்லாம் ஒரு பொண்ணா!

இன்னைக்கு பதினோரு மணிக்கு அவ மேல விசாரணை. உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க வழிப்போக்கரு. எவனோ ஒரு படுபாவி மேல ஆபீசுக்கு மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான். ஆபீசர் ஒருத்தரு வந்து பாத்து எழுதிட்டுப் போவாராம். அவரு ஒரு வரி ஏடாகூடமா எழுதிட்டா தீந்துது, அவ வேலை போச்சு. அவ சேத்து வச்ச புள்ளைங்க அஞ்சு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். போவட்டுமே, எனக்கென்ன? டவுனுக்கு ஒரு சோலியா வந்தேன், ஊருக்குப் போறேன். பேச்சுக்குச் சொல்றேன்.

அவ செஞ்ச அநியாயத்தக் கேளுங்க. முன்னெல்லாம் முந்திரிக்கொட்டை வாங்க வியாபாரி வருவான். ஒரு கை அள்ளி குலுக்கிப் பாப்பான், எடை போட்டு ஏத்திட்டுப் போயிடுவான். எடைக்கு முன்னால சாக்கு மேல நாலு செம்பு தண்ணி தெளிக்கிறது எங்க பக்கத்துல ஒரு... என்னன்னு சொல்ல, ஒரு சம்பிரதாயம். கல்யாணத்துல பன்னீர் தெளிக்கிறதில்லையா, அந்த மாதிரி. வியாபாரிக்கும் அது தெரியும். அவன் தராசுல ஒரு விரல் வைப்பான், நாங்க தண்ணியில ஒரு கை வைப்போம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.

இவ ஈரம் பாக்குற மெஷினு ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டா. டிபன் டப்பா அளவுதான். உள்ள போட்டா நம்பரு காட்டுது. எங்க ஊர்ல ஒருத்தரு, பேரு வேணாம், நல்ல மனுஷன், பாக்கவும் லட்சணமா இருப்பாரு. அவரு சம்பிரதாயப்படி ஒரு மூட்டையக் கொண்டுட்டுப் போனாரு. தண்ணி கொஞ்சம் தாராளமா... சரி, உள்ளதச் சொல்லிடுறேன், மூட்டையத் தண்ணித் தொட்டியில ஒரு முக்கு முக்கிட்டாரு. அவ மூட்டை வாயக் கட்டுன கயித்த அவுத்தா. மெஷினு நம்பரு காட்டுறதுக்குள்ள உள்ளேர்ந்து ஒரு தவளை குதிச்சுது. தவளைங்க! மேசை மேல ஒரு குதி, ரிஜிஸ்டர் மேல ஒரு குதி, கடைசில தராசுத் தட்டுல போயி மகாராஜா கணக்கா உக்காந்துக்கிச்சு. அவ சிரிக்கல. அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்து, "தாத்தா, இத எந்தத் தரத்துல சேக்குறது?"ன்னு கேட்டா. அங்க நின்ன அறுவது பேரும் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சானுங்க.

அதோட வுட்டாளா? "களத்துல கொட்டிக் காய வச்சு எடுத்துட்டு வாங்க"ன்னுட்டா. மூணு நாளு வெயில்ல நின்னு கொட்டையத் துழாவுனே... துழாவுனாரு அந்த மனுஷன். மதியத்துல மோரு குடுத்து அனுப்புனா, அது வேற. நாலாம் நாளு காஞ்ச கொட்டைக்கு அவரு பொறந்ததுலேர்ந்து பாக்காத வெல வந்துச்சு, அது வேற. மானம் போச்சா இல்லையா? அதச் சொல்லுங்க.

ஆனா நான் மனசு ஒடைஞ்சது அதுக்கில்ல தம்பி. அவ பண்ண பெரிய பாவம் வேற.

எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல ஒரு நிழற்குடை இருக்கு. காலைல பத்து மணிக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் அஞ்சாறு புள்ளைங்க உக்காந்திருக்கும். அத்தனையும் டிகிரி. வேலைதான் இல்ல. எனக்கு அதுங்கதான் சபை. திருமானூர் பக்கத்துல கொள்ளிடத்து முதலை ஒண்ணு கரும்பு லாரிய நிறுத்தி லிப்ட்டு கேட்டுச்சு, தெரியுமா? நாலு நாளு சொன்னேன் அந்தக் கதைய. ஒரு புள்ள எழுந்திருக்கல. போவ எடம் இல்ல, அதுங்க எங்க எழுந்திருக்கும்!

இவ வந்தா, ஒண்ணொண்ணாத் தூக்கிட்டுப் போயிட்டா. மொதல்ல சரத்குமாரு. வாயத் தொறந்தா மூட மாட்டான். அவன திருச்சி, கும்பகோணம்னு ஸ்வீட்டுக் கடைக்காரங்ககிட்ட பேசிப் பருப்பு விக்கிறதுக்கு வச்சுக்கிட்டா. என் கதையக் கேட்டுக் கேட்டு வளந்த வாயி அது! அடுத்து தமிழழகன். எதுலயும் குத்தம் கண்டுபுடிக்கிற பய, முதலைக்கு ஏது காசுன்னு கேட்டவன். ஒடைஞ்ச பருப்பு, முழுப் பருப்புன்னு பிரிச்சுப் பாக்கெட்டு போடுற ஷெட்டுக்கு அவன் பொறுப்பு. அவனுக்குக் கீழ முப்பது பொம்பளைங்க வேலை பாக்குறாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு பேரு, கிராமம் கிராமமாப் போயி மரத்துக்கு என்ன நோவுன்னு பாக்குறானுங்க.

கடைசியா என் பேத்தி கவிதா. அவளும் அந்த நர்மதா படிச்ச படிப்புதான், ஒன்னரை வருஷம் வூட்டுல இருந்தா. நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சிடுவா. அப்படி ஒரு ஆளு கெடைக்குமா சொல்லுங்க? இப்ப எந்த ஊர்லேர்ந்து எவ்ளோ கொட்டை வருது, லோடு எங்க நிக்குதுன்னு நாள் பூரா லேப்டாப்பு. போன வாரம், "ஆயி, முதலை கதை சொல்லவா?"ன்னேன். "ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமா தாத்தா?"ங்குறா. ரெண்டு நிமிஷத்துல முதலை தண்ணியவுட்டுத் தலையக் கூடத் தூக்காது!

இப்ப நிழற்குடையில நானும் ஒரு ஆடும். நான் கதை சொன்னா அது செவுத்து போஸ்டரத் திங்குது.

ஆனா ஒண்ணு சார். பெட்டிஷன்ல எழுதியிருக்குறது நியாயமில்ல. மெஷினு பொய் நம்பரு காட்டுதாம். அது காட்டாதுங்க, தவளைய வேணா கேட்டுப் பாருங்க. சொந்தக்காரங்களுக்கு வேலை குடுத்துட்டாளாம். அவளுக்கு உடையார்பாளையத்துல ஒண்ணுவுட்ட சித்தப்பன் கூடக் கெடையாது. அப்புறம் அந்த மூணாவது பாயிண்டு. கோடவுனுக்கு அடியிலேர்ந்து பழைய ஜமீன் அரண்மனை வரைக்கும் சுரங்கம் போவுதாம், எறங்க இருவத்தி மூணு படிக்கட்டாம், அது வழியா பருப்பு கடத்துறாளாம். சுரங்கமெல்லாம் கெடையாது சார், நீங்க அதுல...

என்ன அப்படிப் பாக்குறீங்க?

சார்னு சொன்னேனா? ஷூ போட்டிருக்கீங்களேன்னு சொன்னேன். பெட்டிஷன்ல இருக்குறது எனக்கு எப்படித் தெரியுமா? ஊர்ல பேசிக்கிறாங்க. என்னது... கவர் பிரிச்சதே நீங்கதானா? மேனேஜர்கிட்ட கூட என்ன எழுதியிருக்குன்னு சொல்லலியா? படிக்கட்டு எத்தனைன்னு யாருக்குமே...

ம்.

பைல எதுக்கு இப்ப தொறக்குறீங்க, காத்துல பறந்துடும். ஆமா, பச்சை இங்க்குதான். பச்சையில எழுதுனா பெரிய ஆபீசரு எழுதுன மாதிரி இருக்கும்னு எவனாவது எழுதியிருப்பான். என் சட்டைப் பையா? எங்க? அட, ஒழுகியிருக்கே! காலைலதான தொவைச்சுப் போட்டேன்...

சரி சார். நாந்தான். செல்லப்பன். தவளை மூட்டையும் நம்மளோடதுதான், அத நீங்க அப்பவே கண்டுபுடிச்சிருப்பீங்க.

கெட்ட எண்ணத்துல எழுதல சார். நிழற்குடையில ஆளில்லாம, பேச்செல்லாம் உள்ளயே தங்கிப் போச்சு. ஒரு நாளு பேப்பரும் பேனாவும் எடுத்து உக்காந்தேன். என்னமா வந்துச்சு தெரியுமா? அந்தச் சுரங்கம் எழுதுறப்ப எனக்கே புல்லரிச்சுது. இத எவனாவது படிக்கணுமேன்னு கவர்ல போட்டேன். படிச்சிட்டு சிரிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு நெனச்சேன். எழுவத்தி நாலு வருஷத்துல என் கதைய நம்புன மொத ஆளு கவர்மெண்டுதான் சார்! நான் என்ன பண்ணுவேன்?

நேத்து கவிதா வேலை முடிஞ்சு வந்தவ சோத்துல கை வைக்கல. "மேடத்த நிறுத்திட்டா கம்பெனியே போயிடும் தாத்தா, நாங்க மறுபடியும் நிழற்குடைக்குத்தான்"ன்னா. நான் கேட்டதே அதுதான? சபை திரும்பி வருது, சந்தோஷப்பட்டிருக்கணும். முடியல சார். அவ கண்ணு கலங்குனதப் பாத்துட்டு நான் என்னன்னு முதலை கதை சொல்றது? ஆபீசரு பஸ்ஸுலதான் வராருன்னும் அவதான் சொன்னா. அதான் விடியக் காத்தால அரியலூருக்கு வந்து, ஷூ போட்ட ஆளாப் பாத்துத் துண்டு போட்டேன். உங்களுக்கு முன்னாடி ஒருத்தருக்குத் துண்டு போட்டு, பாதிக் கதை சொன்னதுக்கப்புறம்தான் தெரியுது அவரு மருந்து கம்பெனி ரெப்புன்னு.

என்ன சார்? எழுதித் தரணுமா? வாயால சொன்னது போதாதா? பேரு போட்டா... பேரு போட்டா பைல்ல நின்னுடுமே. எங்க கம்பெனி மீட்டிங்குல எவனாவது படிச்சா அந்த அறுவது பேரும் மறுபடியும் வயித்தப் புடிப்பானுங்க. கவிதா என் மூஞ்சியப் பாப்பாளா? எழுதலன்னா விசாரணை இழுத்துக்கிட்டே போவுமா? மூணு மாசமா? அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வேலை பாக்கக் கூடாதா? முந்திரி சீசன் நேரத்துலயா!

பேப்பரக் குடுங்க. பேனா வேணாம், என்னோடதே இருக்கு.

டிரைவரு, மெதுவாப் போப்பா, எழுத்து ஆடுது!

"ஐயா. பெட்டிஷன் பொய். எழுதியது நான். சுரங்கம் இல்லை. இப்படிக்கு, செல்லப்பன்." போதுமா? படிச்சுப் பாருங்க. பொறந்ததுலேர்ந்து இவ்ளோ சின்னதா நான் ஒண்ணும் சொன்னதில்ல சார். தவளையச் சேக்கல. இது பூரா பொய்யப் பத்துன காயிதம், அது ஒண்ணுதான் நெசம், அத எதுக்கு இதுல போயி கலக்கணும்?

உடையார்பாளையம் வந்துட்டுது, எறங்குங்க. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வரேன். உங்களோட எறங்குனா எவனாவது பாத்துடுவான். சாயங்காலம் எந்த பஸ்ஸு? நாலு இருவதா? துண்டு போட்டு வைக்கிறேன், ஜன்னலோரம். முதலை லிப்ட்டு கேட்டதுதான சொன்னேன், லாரிக்காரன் என்ன பதில் சொன்னான்னு நீங்க கேக்கவே இல்லியே... சார்! சார்! அந்தப் புள்ளைங்க யாரு எழுதுனதுன்னு கேட்டா, ஒரு மருந்து கம்பெனி ரெப்புன்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் மூச்சு வுட்டுடாதீங்க!