கைகளைப் பின்னால் கட்டச் சொன்ன பேராசிரியைக்கு

நோயுற்றோர் அருகில் நின்று நலம் காத்த நங்கையே! நலம் காப்போர்க்கு நல்லாசிரியையாய் வாய்த்த நன்மணியே! செவிலியரை ஆசிரியராக்கும் முதுநிலைப் படிப்பை இருபத்திரண்டு ஆண்டுகள் இக்கல்லூரியில் கண்ணும் கருத்துமாய்க் கட்டிக்காத்த பெருந்தகையே! வணக்கம்.

இதுபோல் இன்னும் பதினான்கு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். வாசித்துப் பார்த்த நூலகர், "ஏங்க, நாலாவதுக்கே மேடம் எழுந்து போயிடுவாங்க" என்றார். ஆகவே மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். மீதியைத் தாங்கள் வீட்டுக்குப் போன பிறகு எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

இன்று ஓய்வு பெறும் தங்களுடையது முப்பத்துநான்கு ஆண்டுப் பணி. முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வார்டில். மீதி இருபத்திரண்டும் இங்கே, மாடிப்படிக்கு அடுத்து, ஒரு சன்னல் மட்டும் திறக்கிற அந்த அறையில். ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் தங்களிடம் படிக்க வந்தார்கள். அவர்கள் பள்ளி முடித்து வந்த பிள்ளைகள் அல்லர். பத்து, பதினைந்து வருடம் வார்டில் நின்று கால் வீங்கியவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும், "இந்த வயசுல என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று கேட்கும் மாமியாரையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பாடத்திட்டம் எழுதவும், வினாத்தாள் அமைக்கவும், மனச்சாட்சியோடு மதிப்பெண் போடவும், ஆய்வேடு எழுதி முடிக்கவும் கற்றுத் தந்தீர்கள். ஆய்வேட்டின் ஓரத்தில் தாங்கள் எழுதும் "அப்படியா?" என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து முழு அத்தியாயத்தையும் திருப்பி எழுதாதவர் இந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

ஆயினும் தங்கள் பெயர் நிலைத்தது ஆய்வேட்டால் அன்று, கைகளால். நல்ல செவிலியருக்கு ஒரு குறை உண்டு. அவர் கண்ணெதிரே யாரேனும் தடுமாறினால் கை தானாகப் பாய்ந்துவிடும். மாணவி ஊசியைப் பிடிக்கத் திணறினால், "இங்க குடு" என்று வாங்கித் தானே போட்டுவிடுவார். ஊசி சரியாக ஏறும், மாணவிக்கு ஒன்றும் ஏறாது. இதற்குத் தாங்கள் கண்ட மருந்து ஒரு முழம் கட்டுத்துணி. பயிற்சிக்கூடத்தில் இளநிலை மாணவிகளுக்குப் பாடம் நடத்திப் பழக வருகிறவரின் கைகளைப் பின்னால் வைத்து, தளர்வாக ஒரு முடிச்சுப் போடுவீர்கள். "ஒரு இழுப்பு இழுத்தா அவிழ்ந்துடும். அவிழ்த்துக்கோங்க, வேணாங்கல. ஆனா எதுக்கு அவிழ்த்தீங்கன்னு நோட்டுல எழுதிட்டுப் போங்க" என்பீர்கள்.

அந்த நோட்டில் இரண்டே பத்திகள்: 'நோயாளிக்காக', 'எனக்காக'. முதல் வருடம் எல்லோருக்கும் இரண்டாம் பத்திதான் நிரம்பும். பொறுமை இல்லை, பார்க்கச் சகிக்கவில்லை, நானே செய்தால் சீக்கிரம் முடியும். வார்டுக்குப் போகும்போது துணி கிடையாது. "கட்டோட போய் நின்னா, பேஷண்டு நம்மளக் கைதின்னு நினைச்சுப் பயந்துடுவாரு" என்று சொல்லிவிட்டீர்கள். அங்கே கைகளை நாங்களே பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். 'கைகட்டு மேடம்' என்ற பெயர் தங்களுக்கு வந்தது இப்படித்தான். தங்களுக்கு அது தெரியாது என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை போலும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் மருமகள் சொன்னார்: "அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. சமையலறை வாசல்ல வந்து கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பாங்க. திட்டிட்டாக்கூடத் தேவலை."

இனிச் சில பத்திகளுக்கு 'நாங்கள்' என்பது 'நான்' ஆகிறது. சக ஊழியர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். மடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு என் தமிழ் காரணம் இல்லை. தங்களிடம் இரண்டு முறை தோற்றவள் நான் ஒருத்திதான்.

பதினேழு ஆண்டுகள் அவசரப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத் தங்களிடம் படிக்க வந்தேன். என் பட்டப்பெயரே 'அவசரம்'. கற்பித்தல் செய்முறைத் தேர்வில் ஒரு மாணவி, நோயாளியின் கையில் நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஊசியை வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் ஏற்றிவிட்டு, தங்களைப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். "ஊசி பிரமாதம். பரீட்சை ஊசிக்கு இல்லையேம்மா" என்றீர்கள். தோல்வி.

இரண்டாம் முறையும் தவறினால் இடம் போய்விடும். கல்வி விடுப்பு ரத்தாகும். பட்டமில்லாமல் பழைய வார்டுக்கே திரும்ப வேண்டும். என் கணவர் பட்டறையையும் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். "படிச்சிட்டுத்தான் வரணும், படிக்கப் போனேன்னு வரக்கூடாது" என்று சொல்லி அனுப்பியவர் அவர். ஆகவே இரண்டாம் தேர்வன்று என் விரல்கள் வெளுக்கும் அளவுக்குக் கைகளைப் பின்னால் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

அன்று காலை, வெளிச்சம் வேண்டும் என்று ஒரு பெரியவர் சன்னலோரக் கட்டிலுக்கு மாறியிருந்தார். அந்தக் கட்டிலில் முன்பு இருந்தவருக்குத்தான் சர்க்கரை நோய், இவருக்கு இல்லை. மாணவி கட்டில் எண்ணைப் பார்த்தாள், இன்சுலினைச் சரியான அளவில் எடுத்தாள், பெரியவரின் மணிக்கட்டில் இருந்த பெயர்ப்பட்டையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் நின்றேன். இப்போது கவனிப்பாள், இதோ கவனிப்பாள், தானே கண்டுபிடித்தால்தான் பாடம் மனதில் தங்கும் என்று காத்திருந்தேன். என் கையும் அசையவில்லை, வாயும் அசையவில்லை.

அசைந்தது தங்கள் கை. யாரும் அதுவரை காணாத வேகத்தில் வந்து மாணவியின் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். ஊசி தோலைத் தொடவில்லை. பெரியவர் கண் விழித்து, "ஊசி இல்லையாம்மா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் தாளில் கோடு போட்டார். தாங்களும் அதே தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். அது நியாயம், அன்றும் எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் எனக்கு மூன்றாவது வாய்ப்பு வந்தது. விதியில் இல்லாத வாய்ப்பு எப்படி வந்தது என்று கேட்டேன். "வந்திருக்குல்ல, படிங்க" என்றீர்கள். மூன்றாம் தேர்வில் ஒரு மாணவி புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பயன்படுத்திய இடுக்கியைச் சுத்தமான தட்டில் வைக்கப் போனாள். "நில்லுங்க. அந்த இடுக்கி இப்ப எதைத் தொட்டுச்சு?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள், இடுக்கியை ஒதுக்கினாள், கையுறையை மாற்றினாள். அறுபது எடுத்தால் தேர்ச்சி. அறுபத்திரண்டு போட்டீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு வாரம் சேர்ந்தது: தலையிட வேண்டிய நேரமும், வாயால் தலையிடும் முறையும்.

நான் இங்கேயே ஆசிரியையாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தங்களுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து தினம் இரண்டு வேளை தேநீர் குடித்திருக்கிறேன். இத்தனை காலமும் எனக்குத் தெரியாத ஒரு கடிதம் பற்றி, சென்ற மாதம் ஓய்வுக் கோப்பைத் தயாரித்த தலைமை எழுத்தர் மூலம் தெரிந்தது.

மடலின் முடிவில் வாழ்த்துவது வழக்கம். நாங்கள் இப்போதே வாழ்த்திவிடுகிறோம். அடுத்து வருவதைக் கேட்டால் தாங்கள் மைக்கைப் பிடுங்கினாலும் பிடுங்கிவிடுவீர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தங்கள் பேச்சுக்குக் கட்டுப்படட்டும்! முழங்கால்கள் முணுமுணுக்காமல் மாடி ஏறட்டும்! காலை மணியடிக்காத நாள்களில் கண்ணயர்ந்து தூங்குங்கள்! நல்ல துணைவரோடும், நடுங்காத மருமகளோடும், பேரப்பிள்ளைகளோடும் நூறாண்டும் அதற்கு மேலும் நலமே வாழ்க!

இனி அந்தக் கடிதம். பல்கலைக்கழகத்துக்குத் தாங்கள் கைப்பட எழுதியது:

"மேற்படி மாணவி தேர்வில் தவறியது சரியே. ஆனால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்க அவருக்குப் பயிற்சி அளித்தவள் நான். எப்போது அவிழ்க்க வேண்டும் என்பதை அவருக்கு நான் கற்பிக்கவில்லை. ஒரு நோயாளி ஆபத்துக்கு அருகில் போனதற்கு என் கற்பித்தலே காரணம். இதை என் பணிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அவருக்கு மறுதேர்வு அளிக்க வேண்டுகிறேன்."

மறுதேர்வு அளித்தார்கள். கேட்டபடி குறித்தும் கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்லூரி முதல்வர் பதவிக்குத் தங்கள் பெயர் போனபோது அந்தக் குறிப்பைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். "மேடத்துக்குப் பதவி ஆசையில்லைன்னு நாமளா நினைச்சுக்கிட்டோம். ஆசை இருந்துச்சுங்க. ரெண்டு தடவை மனு போட்டிருக்காங்க" என்றார் தலைமை எழுத்தர். இதைக் கேட்ட அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. கழிவறையில் நின்று அழுதேன். என்னால்தான் தங்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதை இத்தனை பேர் முன்னால் சொல்லாமல் தங்களை வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குறிப்பு பதிவேட்டில் 'தண்டனைகள்' என்ற பக்கத்தில் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, கேட்டுப் பார்த்தோம். ஆனால் இந்த மடலில் எதை எங்கே எழுதுவது என்பது எங்கள் அதிகாரம். எனவே கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும்படி, தங்கள் சாதனைகளில் முதலாவதாக இதை எழுதுகிறோம்: தன்னிடம் படித்தவள் தோற்றபோது, தன் பாடத்தில் பிழை இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

என்றும் தங்கள் அன்பில்,
தங்களிடம் படித்துத் தேறியவர்களும், ஒருமுறை தவறியவர்களும், இருமுறை தவறிய ஒருத்தியும்,
கல்லூரிப் பணியாளர்கள் அனைவரும்.