கதவு திறக்கிற வேலை

அதெல்லாம் நிறுத்த முடியாது சார். மேனேஜர்கிட்ட சொல்லப் போறீங்களா, தாராளமா போங்க, மாடியிலதான் இருக்காரு. நான் இந்தத் தியேட்டர்ல கதவு திறந்துவிடுறவதான், இருந்தாலும் சொல்றேன், படம் கடைசி வரைக்கும் ஓடும்.

என்ன பிடிக்கல? வெளிநாட்டுப் படம், கீழ எழுத்து ஓடுது, அதுவா? ஓ, கதையே நம்ப முடியலையா. வெளிக்காத்து பட்டா நெஞ்சு வெந்துடும்னு ஒரு அப்பன் சொல்வானாம், புள்ளைங்க வளந்து ஆளானப்புறமும் வீட்டுக்குள்ளயே கெடக்குமாம், எவன் நம்புவான்னு கேக்குறீங்க. பக்கத்து சீட்டுப் பெரியவர்கூடப் பொய் பொய்னு முனகிட்டே இருந்தாரா? முனகட்டும்.

புள்ளைங்க நம்பும் சார். சோறு ஊட்டுறவரு சொல்றாரு, தலைவலிச்சா தைலம் தேய்ச்சு விடுறவரு சொல்றாரு, நம்பாம என்ன பண்ணும்?

படம் எடுத்தவனுக்கும் முழுசாத் தெரியல, அதுதான் எனக்குக் கடுப்பு. அந்த அப்பன் வெளிய போய்ட்டு வந்து வாசல்ல நின்னு பொய்யா இருமுறான் பாருங்க, அது பத்தாது. இருமல் யாருக்குத்தான் வராது? கண்ணு செவக்கணும். குழாயடியில நின்னு கண்ணுல சோப்பைத் தேய்ச்சுக்கிட்டு, தண்ணி வடிய வடிய உள்ள வரணும். அப்பதான் புள்ளைங்க, நமக்காகப் போய் அப்பா இந்தப் பாடு படுறாரேன்னு காலைக் கட்டிக்கிட்டு அழும்.

அந்தப் பொண்ணு திருட்டுத்தனமா கதவைத் திறக்கப் பாக்குதே, அது சுத்தத் தப்பு. கதவுன்னா அவருதான் திறப்பாரு. நாமளும் திறக்கலாம்ங்கிற நெனப்பே வராது. போலீஸ் வந்து எங்களை வெளிய கொண்டுவந்த பிறகும் எனக்கு வரல. ஹாஸ்டல்ல சேத்த அன்னிக்கு, யாராவது வந்து திறப்பாங்கன்னு குளியலறைக்குள்ளயே பொழுது சாயுற வரைக்கும் நின்னேன். கைப்பிடியைத் திருப்பினா போதும்னு வார்டனம்மா வந்துதான் காட்டினாங்க.

ஆமா, என்னைத்தான் சொல்றேன். அப்பிடிப் பாவமா பாக்காதீங்க, எனக்குப் பிடிக்காது. இந்தக் கதவு வேலையை நானே கேட்டு வாங்கினேன், தெரிஞ்சுக்குங்க.

இப்பப் படத்தை நிறுத்தினா லைட்டைப் போட்டுடுவாங்க, எல்லாரும் எழுந்து போவாங்க. உங்க பக்கத்து சீட்டுக்காரரும் கூட்டத்தோட கூட்டமா நழுவிடுவாரு. அது மட்டும் நடக்க விடமாட்டேன். பொய்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறாரு சார், எங்க வீட்டுல அப்பிடி ஒண்ணும் நடக்கலையாம்.

மறுபடி உள்ள போறீங்களா? சந்தோஷம். படம் ஓடுறப்பவே அவரா போகணும்னு எழுந்தா காலை மடக்கி வழி விட்டுடுங்க, பிடிச்செல்லாம் வைக்க வேணாம். கதவைச் சாத்தித்தான் வெச்சிருக்கேன், தாப்பாள் போடல. அவரை உக்கார வைக்கும்போதே சொல்லிட்டேன், கைப்பிடியைத் திருப்பினா வெளிய வந்துடலாம்ப்பான்னு.