சங்கு ஊதினால் ஓடுகிறவர்கள்

எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் இன்றைக்கு யார் வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்று கேட்டால், வாசலைத் தாண்டாமலே சொல்லிவிடுவேன். ஊரில் இதைக் கெட்ட பழக்கம் என்பார்கள். நகரசபைக்கு வேண்டியிருந்தபோது இதற்கே 'தகவல் சேகரிப்பு' என்று பெயர் வைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். பழக்கம் அதேதான், மேடம். அட்டைதான் புதிது.

நீங்கள் கன்னடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் தமிழில் நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மனோகர் சார் போன ஆடியில்தான் எங்கள் பாலகாட் பக்கம் முதலில் வந்தார். நகரசபையில் பேரிடர் முன்னேற்பாட்டுக்கென்று போட்ட அதிகாரி. ஹாசன்காரர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. எழுத வேண்டியிருந்தால் அடுத்தவரிடம் வாங்குவார். வெள்ளம், தீ, நிலம் உள்வாங்குவது என்று எது வந்தாலும் யாரை முதலில் தூக்கிப் போவது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார். காலை ரயில் போய்விட்டால் எங்கள் லைனில் மிஞ்சுவது பென்ஷன்காரர்களும் நாய்களும்தான். பிள்ளைகள் எல்லாரும் பெங்களூரில். பகலில் எந்தப் பேரிடர் வந்தாலும் அது கிழவர்களோடுதான் பேசியாக வேண்டும்.

பதினோரு நாளில் அறுபத்து மூன்று வீட்டையும் எழுதிக் கொடுத்தேன். ஏனோக் தாத்தாவுக்கு வலது காது கேட்காது. மருமகள் பேசினால் இடதும் கேட்காது. வின்னிக்கு முழங்கால் மடங்காது. அடுத்த வீட்டுச் சம்பங்கிக்கு அறுபத்தெட்டு வயது. மகள் ரோஜா விடிகாலையில் ரயிலேறினால் பகல் முழுக்கத் தனி. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கால் நல்ல கால். எல்லாம் எழுதினேன். "ஷைலம்மா, நீங்க ஒருத்தரே ஒரு டிபார்ட்மெண்ட்" என்றார் மனோகர் சார். அதை நான் நம்பினேன்.

திட்டம் அச்சாகி வந்தது. தொண்ணூறு பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில், எச்சரிக்கை வந்தவுடன் மீனவர்கள் படகுகளைக் கரைக்கு இழுத்து வைக்க வேண்டும் என்று இருந்தது. மேடம், எங்கள் ஊரில் கடல் எந்தத் திசை என்று கேட்டால் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டைக் காட்டுவார்கள். எங்கோ ஒரு கடலோர ஊருக்கு எழுதியதில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். சுனாமி இருந்தது. சுரங்கத்துக்கு இறங்குகிற குழி, ஷாஃப்ட், அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. தங்கத்துக்காக நூறு வருஷத்துக்கு மேல் கீழே குடைந்து குடைந்து, எங்கள் கால் மேல் மண் நிற்கிறதா, மண் மேல் கால் நிற்கிறதா என்று தெரியாத ஊர் இது.

அதனால் நானே ஒரு பக்கம் எழுதினேன். கையால், ஒரே பக்கம். அதைப் படிக்காமல் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் சொல்கிறேன்.

மைன்ஸ் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சைரன் ஊதுவார்கள். நாங்கள் சங்கு என்போம். நேரம் கெட்ட நேரத்தில், விடாமல் நீளமாக ஊதினால், கீழே பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். உடனே லைனில் உள்ள பெண்கள் எல்லாரும் ஓடுவோம். எதிர்ப்பக்கமாக இல்லை, ஷாஃப்டைப் பார்த்து. கையில் ஒரு போர்வை இருக்கும். கேஜில், அந்த இரும்புக் கூண்டில், மேலே வருகிறவர் எப்படி வருவார் என்று தெரியாதே, அதற்காக. மைன்ஸ் மூடி வருஷம் எத்தனை ஆனாலும் கால் மறக்கவில்லை. 'சைரன் ஒலித்ததும் மக்கள் பள்ளி மைதானத்தில் கூட வேண்டும்' என்று திட்டம் சொல்கிறது. கூட மாட்டார்கள். நாற்பத்தொரு பேர் லைனுக்குப் பின்னால் உள்ள பழைய ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். பேர் பேராக எழுதியிருந்தேன். அங்கே இரும்பு வேலி போய் இரண்டு வருஷம்; மழையில் ஷாஃப்டைச் சுற்றி அடிமண் இறங்கி, மேலே புல் மூடிய பொருக்கு மட்டும் நிற்கிறது. நானே என் கொடிக்கயிற்றைக் கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தேன். வேலி போடுங்கள், சைரன் சத்தத்தை மாற்றுங்கள். இவ்வளவுதான் அந்தப் பக்கம்.

புத்த விகார ஹாலில் கூட்டம் வைத்தார்கள். எழுபது பேர் இருக்கும். மனோகர் சார் என் பக்கத்தை எடுத்து, போர்வை என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"ஷைலம்மா, மைன்ஸ் க்ளோஸ் ஆகி எஷ்டு வருஷம் ஆச்சு? இப்ப யாரு ஓடுவாங்க, சொல்லுங்க."

நான் பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து சம்பங்கி குரல்.

"சார், சங்கு ஊதினா யாரு ஓடுவாங்களோ தெரியாது. இவ சங்கு ஊதாமயே வீடு வீடா ஓடுறவ!"

ஹால் சிரித்தது. ஏனோக் தாத்தாவுக்கு அது மட்டும் இரண்டு காதிலும் கேட்டது. சம்பங்கி அதோடு விடவில்லை. "இன்னாடி மொறைக்கிற, இல்லாததையா சொன்னேன்? காலைல எங்கூட்டு பாலு பொங்கினது எனக்கு முன்னாடி உனக்குத்தானே தெரிஞ்சுது" என்றாள். மனோகர் சாரும் சிரித்து, என் பக்கத்தை மடித்து டீக் கிளாசுக்கு அடியில் வைத்தார். நானும் சிரித்தேன். நல்ல பேச்சுதான். அவளுக்கு எப்போதும் வாய் நன்றாக வரும்.

அதன் பிறகு ஐந்து மாதத்தில் நான்கு மனு கொடுத்தேன். மூன்றுக்கு ரசீது இருக்கிறது. நான்காவதை வாங்கிய பெண், "சங்குக்காரம்மா வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பதவிசான பெண்.

பிறகு ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. தண்ணீர் டேங்க் மேல் புது சைரன். அதில் மூன்று விதமான சத்தம் வரும். மனோகர் சார் போனில் மூன்றையும் போட்டுக்காட்டி, "எது நம்ம ஜனங்களுக்கு நல்லா கேட்கும்?" என்று என்னையே கேட்டார். ஏற்ற இறக்கமாக ஒன்று, விட்டு விட்டு ஒன்று, விடாமல் நீளமாக ஒன்று. மூன்றாவதைச் சொன்னேன். அவர் நன்றி சொன்னார்.

இங்கே நீங்கள் பேனாவை நிறுத்துகிறீர்கள். எழுதுங்கள் மேடம், இதில் தப்பாக ஒன்றுமில்லை. உண்மையான ஆபத்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் சைரன் ஊதினால் நாற்பத்தொரு பேரும் அந்தப் பொருக்கு மேல் போய் நிற்பார்கள். எழுதிக் கொடுத்தால் சிரிக்கிற ஆபீசுக்கு வேறு எப்படிக் காட்டுவது? நாற்பத்தொரு பேர் போவதைவிட ஒருவர் போவது மேல். முதலில் யாரைக் காப்பாற்றுவது என்று பட்டியல் போடச் சொன்னவர்கள் அவர்கள். பட்டியல் என்றால் அதற்குக் கடைசி என்றும் ஒன்று இருக்கும்.

ஒத்திகைக்கு முன்னே வீடு வீடாகப் போய், 'புதன்கிழமை சைரன் ஊதும், பயப்படாதீர்கள், அது ஒத்திகை' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. அறுபத்திரண்டு வீட்டில் சொன்னேன். பொறுமையாக, இரண்டு தரம் சொன்னேன். வின்னி வீட்டில் காலண்டரில் வட்டமே போட்டுக் கொடுத்தேன். அந்த நாற்பது பேரை நான்தான் காப்பாற்றினேன், அதை இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

சம்பங்கி வீட்டுக்கும் போனேன். சீயக்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஷைலா, டிரில்லு எப்பவாம்?"

"தள்ளிப் போட்டுட்டாங்கக்கா. அடுத்த மாசம்."

"அந்தாளு ஒரு காரியம் நேரத்துக்கு செய்யமாட்டானே. சரி, குந்து, டீ போடறேன்."

டீ குடித்துவிட்டு வந்தேன். அவளுடைய கட்டத்தில் கையெழுத்தை நானே போட்டேன். அவள் 'ச' போடுகிற விதம் எனக்குத் தெரியும்.

அவள் ஓடுவாள் என்று எப்படி அவ்வளவு உறுதி என்று கேட்பீர்கள். அவளே சொல்லியிருக்கிறாள். தொண்ணூற்று நான்கில் சங்கு ஊதியபோது அவள் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலசிவிட்டுப் போகலாம் என்று நாலு சொம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது பெருமாள் அண்ணனைக் கேஜிலிருந்து இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். யாரோ ஒருத்தி தன் போர்வையை அவர் மேல் போர்த்தியிருந்தாள். "என் புருசனுக்கு வேற எவளோ போத்திட்டா ஷைலா" என்று என்னிடம் அழுதிருக்கிறாள். லைனில் வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. கடைசிவரை அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு போர்வை மடித்து இருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே கை அங்கே போகும். நான் எழுதிய பக்கத்தில் நாற்பத்தொரு பேரில் முதல் பேராக அவளை எழுதியிருந்தது அதனால்தான். தன் பேர் அதில் இருப்பது தெரியாமல்தான் அன்றைக்கு ஹாலில் பேசினாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு எல்லாரும் பள்ளி மைதானத்தில், கையில் பன்னும் ஜூஸ் பாக்கெட்டுமாக. நான் எங்கள் லைன் முனையில், குழாயடியில் நின்றேன். கையில் படிவமும் வாட்சும். சைரன் ஊதியது. படிவத்தில் நேரத்தைக் குறித்தேன்.

சம்பங்கி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். இந்த முறை அலசவில்லை. நெற்றியில் சீயக்காய் வழிந்தது. கையில் போர்வை. செருப்பு இல்லை. என்னைத் தாண்டித்தான் ஓடினாள், பதினைந்து அடி தூரத்தில். "ஷைலா, ஓடியா, ஊதறாங்க" என்றாள்.

கூப்பிட்டிருக்கலாமே என்றால், கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒத்திகை நடக்கும்போது தன்னார்வலர்கள் எந்தக் காரணத்துக்காகவும் குறுக்கிடக் கூடாது என்று திட்டத்தின் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தொண்ணூறு பக்கத்தில் நான் கடைப்பிடித்த ஒரே வரி அதுதான். 'எச்சரிக்கை கேட்டதும் செய்தது' என்ற கட்டத்தில் 'ஷாஃப்ட்' என்று எழுதினேன். 'எடுத்துக்கொண்ட நேரம்' என்ற கட்டத்தில் நான்கு நிமிடம். பிறகு போய்ப் பார்த்தேன். புல்லில் ஒரு பள்ளம், கதவகலம்தான் இருக்கும். விளிம்பில் போர்வையின் ஒரு முனை. சைரன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

கயிறு எங்கே என்று அப்போதே உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை நான் அவிழ்த்துவிட்டேன். நகரசபையின் எதையும் நான் தொடவில்லை. அது என் கொடிக்கயிறு. துணி காயப்போட வேண்டியிருந்தது.

மைதானத்தில் ஏனோக் தாத்தா ஒத்திகை என்று தெரிந்தே சத்தம் கேட்டதும் எழுந்து ஷாஃப்ட் பக்கம் நடந்தாராம். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்களாம். மனோகர் சார் அதைப் போனில் படம் பிடித்திருக்கிறார். அதுவே போதுமான சாட்சியாக இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்திருக்கலாம். நான்தான் மைதானத்தில் இல்லையே.

நான்கே நாளில் வேலி வந்தது. இரும்பு வேலி, மஞ்சள் பெயின்ட். சைரன் சத்தத்தை மாற்றினார்கள். ரோஜா காரியம் முடிந்த அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷைலாக்கா, நீங்க எழுதிக் குடுத்ததை அன்னிக்கே கேட்டிருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்க" என்றாள். உண்மைதான் என்றேன். உண்மைதானே?

போன வாரம் புதுத் திட்டம் அச்சாகி வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் என் பக்கம் அப்படியே இருந்தது. போர்வைகூட இருந்தது. கீழே, 'கள ஆய்வு செய்து தயாரித்தவர்: மனோகர்' என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் புறப்பட்டு வந்தேன். வேலி போடாத கவனக்குறைவு என்று அவர் மேல் நீங்கள் கேஸ் எழுதுவதாகவும் கேள்வி. அவருக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது, மேடம். சத்தத்தைத் தேர்ந்தெடுத்தது நான், கையெழுத்துப் போட்டது நான், கயிற்றை அவிழ்த்தது நான், பதினைந்து அடி தூரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். என் வேலைக்குக் கீழே இன்னொருத்தர் பேர் வேண்டாம்.

பகை ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. ஹாலில் அவள் சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், கூட்டத்தில் வாசிக்கிற மாதிரி கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள்: சங்கு ஊதியது, சம்பங்கி ஓடினாள். நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.