வாளியில் வந்த பவளம்

தமிழரசி அக்கா, எங்கள் வீட்டுக் கொலுவில் கடைசிப் படிக்குக் கீழே எப்போதும் ஒரு கடல் இருக்கும். நீல ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் மீன்கள், நடுவில் வெள்ளைப் பவளம். வங்காளத்தில் எங்கள் லேக் மார்க்கெட் பக்கத் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதே கடல்தான். ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு வெளுத்த பிணம் அது. அதைப் பார்த்துக்கொண்டே மாமிகள் சுண்டல் தின்பார்கள். "எவ்ளோ அழகா இருக்குடி!"

அந்தப் பவளம் அத்தனையும் அந்தமான் கப்பலில் வேலை பார்த்த உங்கள் அப்பா கொண்டுவந்து கொடுத்தவை. 2001-இல் தடைச் சட்டம் வந்ததும் நிறுத்திவிட்டார். பயந்து நிறுத்தினார், திருந்தி அல்ல. பள்ளியில் நாங்கள் பவளத்தைக் காப்போம் என்று போஸ்டர் ஒட்டினோம். போஸ்டரை யார் படிக்கிறார்கள்? ஒரு ஆள் மாட்டினால்தான் இவர்களுக்கெல்லாம் உறைக்கும்.

அதனால் போன மாதம் நானே உங்கள் அப்பாவிடம் போய்க் கேட்டேன், பள்ளிக் கண்காட்சிக்கு உயிருள்ள பவளம் வேண்டுமென்று.

"வேணாம் தம்பி, புடிச்சா உள்ள போட்ருவான்."

"படிப்புக்குத்தான் அங்கிள்."

"படிக்கிற புள்ள கேக்குது... சரி, கொண்டாரேன்."

அவ்வளவு சுலபம். கப்பல் வரும் தேதியை வனத்துறைக்குப் போனில் சொன்னதும் நான்தான்.

கப்பல் வந்த அன்று, என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்வதால் என்னை உள்ளே விட்டார்கள். வழியெல்லாம் உங்கள் அப்பா கடல்தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியிருப்பார் போல. வாளியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி இறங்கினார். "கௌசிக் தம்பி, உசுரோட இருக்கு பாருங்க!"

அதிகாரிகள் சூழ்ந்துகொண்டார்கள். யாருக்கு என்று கேட்டார்கள்.

"ஸ்கூலுக்குன்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

நான், "சினி நா" என்றேன். ஆளைத் தெரியாது என்று. வங்காளம் அவருக்கும் புரியும்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். கப்பலுக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவே தண்ணீரில் குதித்தார். கப்பல்காரர்தானே, நீந்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள்தான் கிடைத்தார்.

கீழ் வீட்டில் உங்கள் அம்மா இன்னும் அழுகிறார்கள். ஃபேனை வேகமாக வைத்திருக்கிறேன். கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

ஒன்றைத்தான் அக்கா என்னால் மன்னிக்க முடியவில்லை. எல்லோரும் தண்ணீரையே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில், என் காலடியில், பவளம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற ஒருவர்கூடக் குனியவில்லை.