விசில் கேட்காத வரிசையிலிருந்து நடுவர் அம்மாவுக்கு

மகளிர் கல்லூரிகளின் கூடைப்பந்துக் களத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விசிலும் கையுமாக நின்று, இன்று அந்த விசிலைக் கழற்றி வைத்து விடைபெறும் எங்கள் நடுவர் அம்மா அவர்களுக்கு, இந்த அரங்கின் உச்சியில், மேற்படி வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் பாய்லர் பட்டறைத் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் மனம் கனக்க அளிக்கும் மடல்.

கூச்சலுக்குக் குனியாத தலைக்கு உரியவரே! கோப்பை கேட்டு அழுத கண்களுக்கும், கோபம் கொண்டு சிவந்த கண்களுக்கும் ஒரே அளவாய் நின்ற கண்ணே! ஓடுகிறவர்களுக்கு நடுவே அவர்களைவிட அதிகம் ஓடி, ஒரு புள்ளியும் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாத கால்களே! எங்கள் செவிக்குப் பதிலாய்ச் சேவித்த கைகளே! வணக்கம்.

கடைசியில் சொன்னதுதான் எங்களுக்கு முதல். அதை விளக்கிச் சொன்னால்தான் இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கு, இந்த முரட்டுக் கூட்டம் ஏன் ஒரு நடுவருக்கு மடல் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டு வந்திருக்கிறது என்று புரியும்.

அரங்கத்துக்கு எதிர்வாசல் எங்கள் பட்டறை. கனத்த தகட்டை உருளையில் வளைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அடித்து அறைந்து பாய்லர் செய்வது எங்கள் வேலை. அதற்குள்ளே ஒருவர் உட்கார்ந்து ஆணியைத் தாங்கிப் பிடிக்க, வெளியே ஒருவர் சுத்தியால் அறைய வேண்டும். அந்த ஓசையில் காது ஒரேயடியாகப் போவதில்லை. கீச்சென்ற ஓசைகள் முதலில் போகும். குழந்தையின் சிணுங்கல், குக்கரின் கூவல், கதவு மணி, அப்புறம் விசில். இடி இடித்தால் கேட்கும். விசில் அடித்தால் கேட்காது. எங்கள் வரிசையில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான்.

இந்தக் கல்லூரியில் எங்கள் பெண்கள் படிக்கிறார்கள், அணியில் ஆடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து, கையில் கிரீஸ் கறையோடு மேற்படி வரிசைக்கு நாங்கள் வரத் தொடங்கிய முதல் ஆண்டு நினைவிருக்கிறதா அம்மா? எங்கள் பெண் ஒருத்தி பந்தைக் கூடையில் போட்டாள். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம், பெஞ்சைத் தட்டினோம், ஒருவர் துண்டைச் சுழற்றினார். ஆனால் அவள் எறிவதற்கு முன்பே நீங்கள் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தியிருந்தீர்கள். அரங்கம் முழுக்க அமைதி, நாங்கள் மட்டும் கொண்டாட்டம். நிறுத்தப்பட்ட ஆட்டத்துக்குக் கை தட்டிய கூட்டம் உலகத்திலேயே நாங்கள் ஒன்றுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு கேட்கவில்லை, பற்கள் தெரிந்தன. ஆடிக்கொண்டிருந்த எங்கள் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் சுட்டது.

இடைவேளையில் நீங்கள் படியேறி வந்தீர்கள். சண்டைக்கு வருகிறீர்கள் என்றுதான் நினைத்தோம்.

"அண்ணே, நான் விசில் அடிச்சது கேக்கலையா?" என்று கேட்டீர்கள். அதுவே எங்கள் பட்டறையின் கேன்டீன் அக்கா காதோரம் வந்து கத்திச் சொன்ன பிறகுதான் விளங்கியது. கேன்டீன் அக்காவுக்குக் காது நல்லது. அதுவரை விலாவில் இடிக்கும் அவர் முழங்கைதான் எங்களுக்கு விசில்; அன்று அது பிந்திவிட்டது.

"விசில் என்னம்மா, வீட்ல பொண்டாட்டி கூப்பிட்டாலே கேக்காது. அதுல மட்டும் கொஞ்சம் சௌகரியம்" என்றார் எங்களில் ஒருவர்.

நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விடவில்லை. "அப்ப என் கையைப் பாருங்க. கையி மேல போச்சுன்னா ஆட்டம் நின்னுபோச்சு. கீழ வெட்டி இறக்கினா ஓடுது. பார்த்துட்டுத் தட்டுங்க" என்று சொல்லி, செய்தும் காட்டினீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் கையைப் படிக்கத் தொடங்கியவர்கள் நாங்கள். விரித்த உள்ளங்கை மேலே போனால் கடிகாரம் நிற்கும். மூடிய முட்டி மேலே போனால் ஃபவுல். இரண்டு முட்டிகளும் சுழன்றால், பந்தைத் தட்டாமல் நடந்துவிட்டாள். மார்புக்கு முன்னே இரண்டு கைகளும் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொண்டால், போட்ட கூடை செல்லாது. இவை எல்லா நடுவருக்கும் பொது என்பது தெரியும். மற்ற நடுவர்கள் ஈ ஓட்டுகிற மாதிரி காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். நீங்கள் முழுக் கையையும் நீட்டுவீர்கள், புள்ளி எழுதும் மேசைக்குக் காட்டிய கையோடு எங்கள் பக்கமும் திரும்புவீர்கள், கடைசி வரிசைக் கிழவர் தலையாட்டும் வரை இறக்கமாட்டீர்கள். நிறைந்த அரங்கில் யாருக்கும் தெரியாமல் எங்களுக்கு ஒரு நடுவர் இருந்தார்.

நீங்கள் தவறே செய்ததில்லை என்று இந்த மடலில் எழுதினால் அது பொய். செய்திருக்கிறீர்கள். ஒருமுறை தள்ளியவளை விட்டுவிட்டுத் தள்ளப்பட்டவள் மேல் ஃபவுல் சொன்னீர்கள். அடுத்த நொடியே உங்கள் முகம் மாறியது. மேசைக்குப் போய்த் திருத்தினீர்கள். பிறகு இரண்டு அணிகளுக்கும் நடுவே நின்று உள்ளங்கையை உங்கள் நெஞ்சில் வைத்தீர்கள். 'தவறு என்னுடையது' என்று அர்த்தம். அந்தச் சைகை எந்த விதிப் புத்தகத்திலும் இல்லையாம். எங்கள் பட்டறைக்கு அது அன்றே வந்துவிட்டது. தகட்டைத் தவறாக வெட்டியவர் இப்போதெல்லாம் காரணம் சொல்வதில்லை, நெஞ்சில் கை வைக்கிறார். இரைச்சலில் வேறெப்படியும் சொல்லவும் முடியாது.

பயிற்சியாளர்கள் பாய்ந்து வந்தபோது பதறாமல் நின்றீர்கள். வியர்வை சிந்திய தரையைத் துடைக்க ஆள் வராதபோது உங்கள் துவாலையாலேயே மண்டியிட்டுத் துடைத்தீர்கள். வழுக்கி விழுந்த எதிரணிப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய அம்மா இறங்கி வரும் வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஆட்டத்தில் எங்கள் பெண்கள் வென்றதைவிடத் தோற்றது அதிகம். ஆனால் ஏமாற்றப்பட்டுத் தோற்றார்கள் என்று ஒருநாளும் நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை அம்மா. வேறெந்த வாசலிலும் அந்த நிம்மதியோடு நாங்கள் திரும்பியதில்லை.

போன ஆண்டு நடுவிலிருந்து ஃபவுலுக்கு உங்கள் வலக்கை முட்டிக்குப் பதில் இடக்கை முட்டி உயரத் தொடங்கியது. மற்றவர்கள் கவனிக்கவில்லை. எங்களுக்குத் தோள்பட்டை போனவர்களைத் தெரியும், எங்கள் வரிசையே அவர்களால் ஆனது. குடிநீர்க் குழாயடியில் கேன்டீன் அக்கா உங்களைப் பிடித்துக்கொண்டார்.

"தோளு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ராத்திரி படுத்தது சரியில்ல."

"ஒரு வருஷமாவா படுத்துட்டிருக்கீங்க?"

அப்போதுதான் நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். எலும்பு மூட்டு இறுகிவிட்டது, வலக்கை தோளுக்கு மேல் போவதில்லை, போக வைத்தால் கண் இருட்டுகிறது, டாக்டர் போதும் என்றுவிட்டார். "பாதிக் கையைக் காட்டிக்கிட்டு நிக்கக்கூடாதுக்கா. இந்த ஃபைனலோட சரி. யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றீர்கள். யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவதுதான் உங்கள் திட்டம்.

அந்த இறுதிப் போட்டியைப் பற்றி இனிச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் கல்லூரி அந்தக் கோப்பையை ஒருமுறையும் தொட்டதில்லை. பட்டறையில் நாங்கள் 'பெரியசுத்தி' என்று கூப்பிடும் எங்கள் தோழரின் மகள்தான் அணித்தலைவி. அவள் எகிறுவதைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் 'வெட்டுக்கிளி'. அவளுக்கு அது கல்லூரியின் கடைசி ஆண்டு. அந்தக் கோப்பையை அவள் தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் அந்த ஆண்டு முழுவதும் வேறெதையும் பேசியதில்லை. சாப்பாட்டு வேளையிலும் அதேதான்.

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நேரம் கரைந்துகொண்டிருந்தது. பந்து வெட்டுக்கிளியின் கைக்கு வந்தது. எகிறினாள், எறிந்தாள். வளையத்தின் விளிம்பைக் கூடத் தொடாமல் பந்து வலைக்குள் இறங்கியது.

இந்த அரங்கில் நேரம் முடிந்தால் மேசையில் சங்கு ஊதும்; கூச்சலில் அதுவும் எங்களுக்கு எட்டாது. விளக்கு எரியாது. கடிகாரமும் எங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாரும் எழுந்து கத்தினார்கள். எங்கள் வரிசை மட்டும் எழவில்லை. அரங்கமே ஆடிக்கொண்டிருக்க, பெரியசுத்தி பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்து உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு நொடி உங்களுக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்! சங்குக்கும் பந்துக்கும் இடையே ஒரு மூச்சு அளவுகூட இடைவெளி இல்லை. செல்லும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது. எங்களை உங்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணைத் தெரியும், அவள் அப்பா எந்தப் படியில் இருக்கிறார் என்பதும் தெரியும். அது உங்கள் கடைசி ஆட்டம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எங்கள் பக்கம் திரும்பினீர்கள். அந்த ஆட்டம் முழுவதும் இடுப்போடு கிடந்த வலக்கை தோளைத் தாண்டி எழுந்தது. இரண்டு கைகளும் முழுதாக விரிந்து, மார்புக்கு முன்னே வெட்டிக்கொண்டன. செல்லாது. பாதிக் கையால் சொல்லியிருக்கலாம், மேசைக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். கடைசி வரிசைக் கிழவர் தலையாட்டும் வரை அப்படியே நின்றீர்கள். உங்கள் உதடு வெளுத்துப் போனது இங்கிருந்தே தெரிந்தது.

கோப்பை போய்விட்டது.

கீழே சிலர் உங்களைத் திட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் பார்த்தது வேறு. வெட்டுக்கிளி நட்டநடுக் களத்தில் நின்று எங்கள் வரிசையைத் தேடினாள். அப்பாவைக் கண்டுபிடித்தாள். அழுதுகொண்டே உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். சங்கு ஊதியபோது பந்து அவள் விரல் நுனியில் இருந்திருக்கிறது. அதை அறிந்தவர்கள் அந்த அரங்கில் இரண்டே பேர். அவள் ஒருத்தி, நீங்கள் ஒருவர்.

பெரியசுத்தியும் பதிலுக்குத் தலையசைத்தார். அவர் முகத்தைப் பற்றி எழுதமாட்டோம்.

அவரைத் தேற்றுவதற்காகக் கேன்டீன் அக்கா காதில் சொன்னார், அந்த அம்மாவுக்கும் இதுதான் கடைசி ஆட்டம், தோள் போய்விட்டது என்று. காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பெரியசுத்தி ரகசியமாகக் கேட்டதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னாது? கடைசியா? தோளு போச்சா? அப்ப அந்தக் கையையா நமக்காகத் தூக்குச்சு?"

அரங்கம் அடங்கிவிட்டது. திட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள். நீங்கள் மறைத்து வைத்திருந்தது மேற்படியிலிருந்து கீழ்ப்படி வரை இறங்கிவிட்டது. இந்த விழா, இந்த நாற்காலிகள், இந்த மடல் எல்லாம் அந்த ரகசியத்தால் வந்தவை. மன்னிக்க வேண்டும். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

அம்மா, வாழ்த்து சொல்ல வந்த இடத்தில் துக்கம் பேசுகிறோம். வேறு வழி தெரியவில்லை. அடுத்த ஆண்டும் பெண்கள் ஆடுவார்கள், யாரோ விசில் ஊதுவார்கள், யாரோ ஈ ஓட்டுவார்கள். மறுபடியும் கேன்டீன் அக்காவின் முழங்கையை நம்பி உட்கார வேண்டும். அவருக்கும் வயதாகிறது. வருவோமா என்றுகூடத் தெரியவில்லை. எங்களுக்குக் காது இரண்டாம் முறை போகிறது, அவ்வளவுதான்.

உங்கள் தோள் இளகட்டும். வலியில்லாத தூக்கம் வாய்க்கட்டும். தலைவார, தண்ணீர் மொள்ள, தெரிந்தவரைக் கண்டால் கையசைக்க அந்தக் கை ஒத்துழைக்கட்டும். நல்ல உடம்போடு நெடுங்காலம் நீங்கள் இருக்க வேண்டும். எப்போதாவது மேற்படி வரிசைக்கு வந்து எங்கள் நடுவே உட்கார்ந்தால் இடம் ஒதுக்கித் தருவோம்.

இந்த மடலை வாசித்துக்கொண்டிருப்பவள் வெட்டுக்கிளி. நான்தான் வாசிப்பேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் குரல் எங்களுக்கு எட்டாது. எந்த வரியில் நிற்கிறாள் என்று தெரியாது. எப்போது முடிப்பாள், எப்போது கை தட்டுவது என்பதும் தெரியாது. ஆகவே வழக்கம்போல் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் முடித்ததும் இடக்கையை விரித்து உயர்த்துங்கள். கடிகாரம் நிற்கட்டும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் இறக்காமல் வைத்திருங்கள். சோர்ந்தால் இறக்கிவிடுங்கள், தாயே.

இறங்கிய பிறகுதான் தட்டுவோம்.

இங்ஙனம்,
உங்கள் கையைப் பார்த்தே ஆட்டம் கண்ட
மேற்படி வரிசையினர்,
பாய்லர் பட்டறைத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும்